வெல்லாரின்

சென்னையில் வீட்டிலேயே லோஷன் கூட்டுபவர்களின் சமையலறை மேடையில் இப்போது சில சாமான்கள் தவறாமல் இருக்கின்றன. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, இரண்டு கண்ணாடிக் குவளை, குச்சி மாதிரி ஒரு வெப்பமானி, மோர் கடைவதற்கு வாங்கிய மின்மத்து. ஒரு குவளையில் எண்ணெயும் பால்மமாக்கி மெழுகும், இன்னொன்றில் தண்ணீரும் கிளிசரினும். இரண்டும் 70 டிகிரிக்கு வந்ததும் ஒன்றாக ஊற்றி மத்தை ஓட்டினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால்போல் வெளுத்துத் திரளும். சூடு 40 டிகிரிக்கு இறங்கியபின் ‘ஆக்டிவ்’ போட வேண்டும். 100 கிராம் லோஷனுக்கு அரை கிராம் வெள்ளைத் தூள். தூள் வந்த உறையில் ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’ என்று அச்சடித்திருக்கும்.

அதே தெருவில் கீரைக்காரம்மாவின் கூடையில் ஈரத்துணிக்குக் கீழே அந்தச் செடி கட்டுக் கட்டாக இருக்கிறது. அவர் அதை வல்லாரை என்பார்.

உறையில் இருக்கும் பெயருக்கும் கூடையில் இருக்கும் பெயருக்கும் நடுவே ஏறக்குறைய 170 ஆண்டு வேதியியல் கிடக்கிறது. அதன் தொடக்கத்தில், இந்தச் செடியின் ‘சத்து’ என்று ஒருவர் முதன்முதலாகப் பிரித்தெடுத்த பொருளுக்கு வைத்த பெயர் தமிழிலிருந்து வந்தது: வெல்லாரின். வைத்தவர் பிரெஞ்சுக்காரர். வைத்த இடம் புதுச்சேரி.

வல்லாரையை அடையாளம் காணப் படிப்பு வேண்டாம். வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் தரையோடு ஓடும். கொடி மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர் விடும். சிறுநீரக வடிவில் இலை. 1678-க்கும் 1693-க்கும் இடையே ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ நூலிலேயே மலையாளப் பெயரோடு அது இடம்பிடித்துவிட்டது. 1753-இல் லின்னேயஸ் அதற்கு ‘ஹைட்ரோகாட்டில் ஏசியாட்டிகா’ என்று பெயரிட்டார். முதல் சொல்லுக்குத் தண்ணீர்க் கிண்ணம் என்று பொருள். இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பொருத்தம்தான். 1879-இல் உர்பன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் அதைச் சென்டெல்லா இனத்துக்கு மாற்றினார். இன்றைய உறைகளில் இருப்பது அவர் தந்த பெயர்.

தமிழ்நாட்டில் வல்லாரை என்றதும் மூளைதான் நினைவுக்கு வருகிறது. தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்குத் துவையல், வல்லாரைப் பொடி, வல்லாரை மாத்திரை. ‘வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே’ என்று பழமொழியே உண்டு. யாழ்ப்பாணத்தில் அது சம்பல். சிங்களவர்களுக்குக் கொட்டுகொல; காலைக் கஞ்சியில்கூடச் சேரும். தோலுக்கும் இந்தக் கீரைக்கும் இருந்த பழைய உறவு இந்தப் புகழில் மங்கிப்போனது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த வைட்லா எய்ன்ஸ்லி 1826-இல் வெளியிட்ட ‘மெட்டீரியா இண்டிகா’வில் முதலில் வருவது அடியும் காயமும்தான். சோழமண்டலக் கரை மக்கள் அடிபட்ட இடத்தில், கன்றிப்போன இடத்தில் இந்த இலையை வைக்கிறார்கள். வீங்காமல் தடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வைத்தியர்கள் இலையை வாட்டி, வெந்தயத்தோடு ஊறவைத்து, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிறார்கள். எய்ன்ஸ்லி சொல்வது இவ்வளவுதான். லேகியமும் இல்லை, ரகசியமும் இல்லை, வீட்டு வைத்தியம்.

அந்த வீட்டு வைத்தியம் மருத்துவமனைக்குள் நுழைந்தது கடல் தாண்டிப் போன பிறகு. 1852-இல் மொரீஷியஸில் புவாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர், தொழுநோய்க்கு இந்தச் செடி பயன்படுகிறது என்று எழுதினார். மொரீஷியஸில் செடிக்குப் பெயர் ‘பெவிலாக்வா’. இத்தாலிய மொழியில் அதற்குத் தண்ணீர் குடிப்பது என்று பொருள். பிரெஞ்சில் ‘புவாலோ’ என்றாலும் அதே பொருள்தான். மருத்துவரும் மருந்தும் ஒரே பெயரில் இரண்டு மொழிகளில் திரிந்திருக்கிறார்கள்.

தொழுநோய்க்கு மருந்து என்றால் அந்தக் காலத்தில் உலகமே காதைத் தீட்டிக்கொள்ளும். கையில் உருப்படியாக எதுவும் கிடையாது. நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்குவதே சிகிச்சையாக இருந்தது. மொரீஷியஸ் செய்தி இந்தியாவை எட்டியதும், ‘இது நம் வரப்பில் கிடப்பதுதானே’ என்று கண்டுகொள்ள அதிக நாள் ஆகவில்லை. 1855-இல் சென்னை மருத்துவமனைகளில் ஹண்டர் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். தொழுநோயை இது குணமாக்கவில்லை. ஆனால் புண்கள் மேல் அதற்கு ஒரு பிடி இருந்தது. அடுத்த நூறு ஆண்டு இதே கதை வேறு வேறு ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கும்: நோய் போகாது, புண் ஆறும்.

அதே 1855-இல்தான் புதுச்சேரியில் ஜூல் லெப்பீன் தன் முடிவுகளைப் பாரிஸின் மருந்தியல் இதழில் வெளியிட்டார். பிரெஞ்சுக் கடற்படையின் மருந்தாளர் அவர். மொரீஷியஸிலும் சென்னையிலும் இலையைப் பொடியாகவும் கஷாயமாகவும் கொடுத்துக்கொண்டிருக்க, லெப்பீன் கேட்ட கேள்வி வேறு: இலையில் வேலை செய்வது எது? 1855-இல் இது புதுமோஸ்தர் கேள்வி. அபினியிலிருந்து மார்ஃபீனும், சின்கோனா பட்டையிலிருந்து குவினைனும், காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனும் அந்த நூற்றாண்டின் முதற்பாதியில்தான் பிரிக்கப்பட்டிருந்தன. குவினைனைப் பிரித்த பெல்த்தியேயும் கவெந்துவும் பாரிஸ் மருந்தாளர்கள். ஒவ்வொரு செடிக்குள்ளும் இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது, ‘-ஈன்’, ‘-இன்’ என்று முடியும் பெயரோடு அதை வெளியே இழுக்கலாம் என்பது ஒரு தலைமுறை மருந்தாளர்களின் கனவு.

லெப்பீன் காய்ந்த செடியைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாறு இறக்கினார். நாட்டுச் சாராயமில்லை; வடித்துச் சுத்தம் செய்த ஸ்பிரிட். கிடைத்தது எண்ணெய் போன்ற ஒரு திரவம். புது வல்லாரையின் மணமும் சுவையும் அதில் இருந்தன. சூட்டில் ஆவியாகிப் போகவில்லை. சாராயத்திலும் ஈதரிலும் கரைந்தது. செடியின் தமிழ்ப் பெயரைக் கொண்டே அதற்கு ‘வெல்லாரின்’ என்று பெயர் வைத்தார். குவினைன் என்ற சொல்லுக்குள் பெரு நாட்டின் கெச்சுவா மொழி உட்கார்ந்திருப்பதைப் போல, இதற்குள் தமிழ் உட்கார்ந்தது.

அங்கிருந்து அது கடைக்குப் போனது. லெப்பீன் பெயரிலேயே வல்லாரைக் குறுணையும் சர்பத்தும் பாரிஸ் மருந்துக்கடைகளில் தோல் நோய்களுக்கென்று விற்பனைக்கு வந்தன. தொழுநோய் பிரான்சில் அரிது. படையும் கரப்பானும் எங்கேயும் உண்டு. வரப்பு ஓரத்துச் செடியொன்று ஐரோப்பியத் தோலுக்கான சரக்கானது இன்று நேற்று நடந்த அதிசயமல்ல. அப்போதே நடந்துவிட்டது.

1868-இல் எட்வர்ட் ஜான் வேரிங்கைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த ‘ஃபார்மகோப்பியா ஆஃப் இந்தியா’வில் வல்லாரைக்கும் இடம் கிடைத்தது. வேரிங் திருவிதாங்கூரில் பணியாற்றியவர், தென்னாட்டுச் சரக்குகளைக் கையால் தொட்டு அறிந்தவர். அந்தக் காலத்து மருந்து நூல்கள் சொல்லும் பக்குவம் நம் பாட்டிகள் சொல்வதிலிருந்து அதிகம் விலகவில்லை: இலையை நிழலில் உலர்த்து, வெயில் காட்டாதே, பொடித்து இறுக மூடி வை, புண்மேல் தூவு, பச்சை இலை கிடைத்தால் அரைத்துப் பற்றுப் போடு.

வெயில் காட்டாதே என்பதில்தான் சூட்சுமம். லண்டனில் ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும் 1874-இல் ‘ஃபார்மகோகிராஃபியா’ என்ற பெரிய நூலை வெளியிட்டார்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதும் வகை. வல்லாரையைப் பற்றி அவர்கள் எழுதியது கறாரானது: புதுச் செடிக்கு மணமும் கசப்பும் உண்டு, காய்ந்தால் இரண்டும் போய்விடுகின்றன. லெப்பீன் சொன்ன முறையில் தாங்களும் காய்ந்த செடியைக் கொண்டு முயன்றார்கள், வெல்லாரின் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் பச்சை நிறச் சாறு, அதில் பெரும்பங்கு துவர்ப்புப் பொருள்.

அத்தோடு வெல்லாரின் கதை ஏறக்குறைய முடிந்தது. லெப்பீன் பொய் சொல்லியிருப்பார் என்று நினைக்கக் காரணமில்லை. புதுச்சேரியில் அவர் கையில் இருந்தது அண்மையில் பறித்துக் காயவைத்த செடி. லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது கப்பலில் மாதக்கணக்காக வாடிய சருகு. மேலும், அவர் பிரித்தது ஒற்றைப் பொருளல்ல. எண்ணெய், பிசின், பச்சையம், இன்னும் பெயர் வைக்கப்படாத பலவும் சேர்ந்த கலவை. அன்றைய கருவிகளைக் கொண்டு அதற்குமேல் போக முடியாது. பின்னால் வந்த வேதியியலாளர்கள் கலவைக்கு வைத்த பெயரை மதிக்கவில்லை. புத்தகங்களில் ஒரு வரியாக வெல்லாரின் சில காலம் தொடர்ந்து, பிறகு அதுவும் நின்றது.

அடுத்து கதை எழுபது ஆண்டுகள் தூங்கியது. விழித்த இடம் மடகாஸ்கர்.

அங்கே வல்லாரைக்குத் ‘தலபெட்ராக்கா’ என்று பெயர். 1941-இல் போந்தாம் என்ற வேதியியலாளர் மடகாஸ்கர் செடியிலிருந்து படிகமாக ஒரு பொருளைப் பிரித்தார். லின்னேயஸ் வைத்த ‘ஏசியாட்டிகா’விலிருந்து அதற்கு ‘ஏசியாட்டிகோசைடு’ என்ற பெயர் வந்தது. தொழுநோயாளிகளிடையே வேலை செய்துவந்த பியேர் புவாத்தோ அதைக் கையில் எடுத்தார். (மொரீஷியஸ் புவாலோவையும் மடகாஸ்கர் புவாத்தோவையும் குழப்பிக்கொள்ளாத கட்டுரை அபூர்வம், இதுவும் எழுதும்போது இரண்டு தடவை தடுக்கி விழுந்தது.) நோய்க்கிருமியைச் சுற்றியுள்ள மெழுகுப் போர்வையை இந்தப் பொருள் கரைக்கும் என்று அவர் தரப்பு எதிர்பார்த்தது. ஊசி போட்டார்கள், புண்ணில் தடவினார்கள்.

1949-இல் ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு குறிப்புகள் வந்தன. முதலாவது புவாத்தோவும், பாரிஸில் இருந்த எட்கர் லெடரர், ஜூடித் பொலோன்ஸ்கி முதலியோரும் சேர்ந்து எழுதியது. ஏசியாட்டிகோசைடின் அமைப்பைப் பற்றியது. இரண்டாவது பட்டாச்சார்யா, லித்கோ இருவருடையது. அவர்கள் கையில் இருந்தது இலங்கை வல்லாரை. அதில் ஏசியாட்டிகோசைடு கிடைக்கவில்லை. உறவுக்காரப் பொருள்கள் வேறு சில கிடைத்தன. செடி ஒன்று, பெயர் ஒன்று. மண் மாறினால் உள்ளே இருப்பது மாறுகிறது. மடகாஸ்கர் இலையில் இந்தப் பொருள்கள் பொதுவாகத் தூக்கலாக இருக்கும் என்று பின்னாளைய அளவீடுகளும் காட்டின. கம்பெனிகள் இன்றும் அந்தத் தீவைச் சுற்றிவருவதற்குக் காரணம் இதுதான்.

அமைப்பு இப்படி: நடுவில் முப்பது கரி அணுக்கள் கொண்ட ஓர் அமிலம், அதன் வாலில் மூன்று சர்க்கரைத் துண்டு. சோப்பின் குணமுள்ள சேர்க்கை. பூந்திக்கொட்டை நுரைப்பதும் இதே வகைப் பொருளால்தான். வல்லாரையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் மேலே நுரை நிற்கும். ஆய்வுக்கூடம் இல்லாமலே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குள் இந்தியாவிலும் பெயர்சூட்டு விழா களைகட்டியது. வங்காளத்தில் வல்லாரையைத் ‘தன்குனி’ என்பார்கள். அங்கே கிடைத்த பொருளுக்குத் தன்குனிசைடு என்று பெயர். 1960-களில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் பிரித்தவற்றுக்குப் பிரம்மோசைடு, பிரம்மினோசைடு. அவற்றோடு ஒரு பிரம்மிக் அமிலம். வடக்கே வல்லாரையைப் பிரம்மி என்பதால் வந்த பெயர்கள். (நம் ஊர் நீர்ப்பிரமி வேறு செடி. இரண்டையும் ஒரே பெயரில் விற்கும் பொடிக்கடைகள் இன்னும் இருக்கின்றன.) பிறகு ஒத்துப் பார்த்தால் பிரம்மிக் அமிலமும் மடகாஸ்கர்காரர்களின் மதேகாசிக் அமிலமும் ஒன்றே. நிலைத்தது மதேகாசிக். மலகாசி மக்களுக்குப் பிரெஞ்சில் வழங்கிய பழைய பெயர் ‘மதேகாஸ்’. அதிலிருந்து வந்த சொல் அது. ஒரே செடியின் சாற்றுக்குத் தமிழிலும் வங்காளியிலும் சமஸ்கிருதத்திலும் மலகாசி நாட்டின் பெயராலும் பெயர்கள் வந்தன. எந்த ஊர் இலையிலிருந்து கம்பெனி மருந்து செய்ததோ அந்த ஊர்ப் பெயர் களிம்புக் குழாயில் ஏறியது.

களிம்பு என்றால் மதேகாசோல். தொழுநோய்க் கதை இதற்குள் வேறு பாதையில் போய்விட்டது. 1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் மருந்துகள் பலன் தரத் தொடங்கின; சில ஆண்டுகளில் டாப்சோன் மாத்திரை வந்தது. செடியைத் தேட வேண்டிய தேவை போயிற்று. புவாத்தோவின் மெழுகுப் போர்வை யோசனை அப்படியே நின்றுவிட்டது. ஆனால் புண் ஆறுகிறதே, அதை என்ன செய்வது? மலகாசி மருத்துவரும் உயிர்வேதியியலாளருமான ஆல்பர்ட் ராக்கோத்தோ ராத்சிமமாங்கா (1907–2001) அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். பிரெஞ்சு மருந்துக் கம்பெனியொன்று காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் தழும்புக்கும் மதேகாசோல் களிம்பைக் கொண்டுவந்தது. ராத்சிமமாங்கா 1957-இல் அந்தனனரிவோவில் மலகாசிப் பயன்பாட்டு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். நாடு விடுதலையானபின் பிரான்சுக்கான முதல் தூதராகவும் போனார். கீரை ஆராய்ச்சி செய்தவர் தூதராவது எல்லா நாட்டிலும் நடப்பதில்லை.

மதேகாசோலில் இருந்தது அளந்து நிலைப்படுத்திய கூட்டு: ஏசியாட்டிகோசைடு 40 விழுக்காடு, ஏசியாட்டிக் அமிலம் 30, மதேகாசிக் அமிலம் 30. களிம்பில் இந்தக் கூட்டு 1 விழுக்காடு. இப்போது லோஷன் கூட்டுபவர்களுக்கு விற்கும் உயர்தர வெள்ளைத் தூள்கள் சிலவற்றின் கணக்கும் இதுவேதான். உறையின் பின்பக்கத்தைப் பார்த்தால் இந்த 40-30-30 இருக்கும்.

காயத்திலிருந்து அழகுக்குப் போன பாலம் 1990-இல் போடப்பட்டது. பிரான்சின் ரான்ஸ் நகரில் மக்கார் குழுவினர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதத் தோல் திசு உயிரணுக்கள் இந்தப் பொருள்களின் முன்னிலையில் அதிகக் கொலாஜனை உற்பத்தி செய்வதைக் காட்டினார்கள். கண்ணாடித் தட்டில் நடந்தது முகத்தில் நடக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் ‘கொலாஜன்’ என்ற சொல் போதும், சுருக்கத்துக்குப் பயப்படுகிற சந்தைக்கு. கொரியாவில் மதேகாசோல் ஏற்கெனவே வீட்டு மருந்துப் பெட்டியில் இருந்த களிம்பு, நம்மூர் போரோலின் மாதிரி. 2010-களின் பிற்பாதியில் அங்கிருந்து ‘சிகா’ கிரீம்களின் அலை கிளம்பியது. சிகா என்பதைச் சென்டெல்லாவின் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். தழும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் தலை அது. கூடவே ஒரு கதையும் ஒட்டிக்கொண்டது: அடிபட்ட புலிகள் வல்லாரைமேல் புரண்டு புண்ணாற்றிக்கொள்ளுமாம், அதனால் ‘புலிப்புல்’. முகப்பூச்சு விளம்பரங்களில் அந்தப் புலி நன்றாகவே உலவுகிறது.

வீட்டில் கூட்டும் பழக்கத்துக்கு இன்னொரு பக்கத்திலிருந்து உந்துதல் வந்தது. 2004-இல் பிரிட்டனில் 20 மார்பகக் கட்டி மாதிரிகளில் பாராபென் என்ற பிரிசர்வேட்டிவ் காணப்பட்டதாக ஓர் ஆய்வு வெளியானது. ஆரோக்கியமான திசுவோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு; பாராபென்தான் புற்றுக்குக் காரணம் என்று அது சொல்லவும் இல்லை. ஆனால் செய்தித்தாள்களுக்கு அந்த நுணுக்கம் எதற்கு? ஐரோப்பாவில் ‘பாராபென் இல்லை’ என்ற முத்திரை பரவியது. கடைப் பாட்டிலை நம்பாதவர்கள் தங்கள் அடுப்படியில் தாங்களே கலக்கத் தொடங்கினார்கள். மெழுகு, எண்ணெய், ஆக்டிவ் என்று கிராம் கணக்கில் விற்கும் கடைகள் முளைத்தன. பத்தாண்டுக்குள் அந்தப் பழக்கம் இந்திய நகரங்களுக்கும் வந்து, நலங்குமாவு அரைத்துக்கொண்டிருந்த வீடுகளில் தராசு வாங்க வைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிசர்வேட்டிவுக்குப் பயந்து வீட்டில் கூட்டியவர்கள் கூட்டியதோ, பிரிசர்வேட்டிவ் இல்லாமல் நிற்கவே நிற்காத சரக்கு. நலங்குமாவு உலர்ந்த பொடி. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமிக்கு வேலையில்லை. தைலம் முழுக்க எண்ணெய். அங்கும் அதற்கு இடமில்லை. லோஷனோ முக்கால் பங்கு தண்ணீர். அதில் வல்லாரைக் கஷாயத்தை ஊற்றினால் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து கிருமிகளுக்குப் பந்தி விரித்த மாதிரி. பார்வைக்கு வெள்ளைவெளேரென்று இருக்கும், வாசனைகூட மாறாது. நாலைந்து நாள் கழித்து மூடியின் உட்புறத்தில் சாம்பல் புள்ளி தெரியும்போது, அது முகத்தில் ஏறி நாளாகியிருக்கும்.

பழைய வைத்தியர்கள் இதைக் கிருமி என்று சொல்லவில்லை, பதம் என்று சொன்னார்கள். வல்லாரைத் தைலம் காய்ச்சும் முறையைப் பார்த்தால் அவர்களின் முழுக் கவனமும் தண்ணீரை விரட்டுவதில் இருப்பது புரியும். இலையை இடித்துச் சாறு பிழிந்து, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ சேர்த்து, அரைத்த விழுதான கல்கத்தையும் போட்டு, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பொங்கும். பிறகு நுரை அடங்கும். அடியில் கிடக்கும் கல்கத்தை எடுத்து விரலிடையே உருட்டினால் முதலில் சேறு மாதிரி ஒட்டும். கொஞ்சம் கழித்து மெழுகாகத் திரளும். அதைத் தாண்டினால் மணல்போல் உதிரும். மெழுகு பதம், மணல் பதம் என்பதெல்லாம் இதுதான். சந்தேகமிருந்தால் ஒரு திரியை அந்த எண்ணெயில் தோய்த்துக் கொளுத்துவார்கள். சடசடவென்று வெடித்தால் ஈரம் இருக்கிறது. இன்னும் காய வேண்டும். சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். வெப்பமானி இல்லாத காலத்துத் தரக் கட்டுப்பாடு.

அந்தத் தைலம் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆனால் உறையில் எழுதியிருக்கும் ஏசியாட்டிகோசைடு அதில் இருக்குமா? மூன்று சர்க்கரையை வாலில் கட்டிக்கொண்டிருக்கும் பொருள் எண்ணெயோடு உறவாடாது. பச்சை நிறம் எண்ணெயில் இறங்கும், மணத்தில் கொஞ்சம் இறங்கும். சோப்புக் குணமுள்ள அந்தப் பொருள்களில் பெரும்பகுதி வடிகட்டி எறியும் கல்கத்தோடு போய்விடும். கஷாயத்தில் அது ஓரளவு வரும், ஆனால் கஷாயம் இரண்டு நாளில் புளிக்கும். இரண்டுக்கும் நடுவில் நன்றாக இழுப்பது சாராயம். லெப்பீன் 1855-இல் எடுத்த பாத்திரம் சரியான பாத்திரம்தான். இன்றைய தொழிற்சாலைகளும் இலையை ஆல்கஹாலில்தான் ஊறப்போடுகின்றன. அதற்குப் பின் வரும் சுத்திகரிப்புப் படிகள் மட்டும் அவரிடம் இல்லை.

இதனால் தைலம் வீண் என்று ஆகாது. தலையிலும் காலிலும் எண்ணெய் தேய்ப்பதில் இருக்கும் சுகத்துக்கு ஏசியாட்டிகோசைடின் தயவு தேவையில்லை. ஆனால் தேங்காயெண்ணெயில் வல்லாரையைப் பொரித்துவிட்டு, அதில் கொலாஜன் ஏற்றும் சத்து இருக்கிறது என்று பாட்டிலில் எழுதி விற்பவர்கள் இரண்டு கதைகளை ஒன்றாக ஒட்டுகிறார்கள். தைலத்தின் கதை வேறு, தூளின் கதை வேறு.

தூளுக்கும் தன் சிக்கல்கள் உண்டு. சர்க்கரை வாலில்லாத இரண்டு அமிலங்களும் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் பெரிதாகக் கரையாது. நேரே தூவினால் லோஷனுக்குள் நுண்மணலாக நிற்கும். விரலில் தேய்த்தால் நெருநெருக்கும். முதலில் கொஞ்சம் புரொப்பேன்டையால் என்ற கரைப்பானில் குழைத்து, இளஞ்சூட்டில் வைத்து, பிறகு சேர்ப்பார்கள். அரை கிராமுக்குப் பதில் ஐந்து கிராம் போட்டால் பத்து மடங்கு பலன் என்று நினைப்பவர்கள் கையிலும் முகத்திலும் தடிப்போடு தோல் மருத்துவரிடம் போகிறார்கள். புண்ணாற்றும் மதேகாசோலே சிலருக்கு ஒவ்வாமை தந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு தடவி இரண்டு நாள் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். புது லோஷன் கூட்டியவருக்கு அது இருப்பதில்லை.

வெல்லாரினுக்கும் இந்தத் தூளுக்கும் உள்ள வித்தியாசம் மூக்குக்குத்தான் முதலில் தெரிகிறது. லெப்பீனின் எண்ணெய்த் திரவத்தில் புது வல்லாரையின் மணம் இருந்தது. தான் பிடித்தது உயிருள்ள செடியைத்தான் என்பதற்கு அவருக்கு அதுவே சாட்சி. சுத்திகரிப்பு ஏற ஏற முதலில் போவது மணம், பிறகு பச்சை. 95 விழுக்காடு சுத்தமான தூளுக்குக் கீரை வாசமே கிடையாது. வாங்குபவர்களில் பலருக்கு அது ஏமாற்றமாக இருக்கிறது. ‘ஹெர்பல்’ என்றால் பச்சையாக இருக்க வேண்டாமா? அதனால் சில கம்பெனிகள் வெள்ளைத் தூள் போட்ட ஜெல்லில் தனியே பச்சைச் சாயம் சேர்க்கின்றன. வீட்டில் கூட்டுபவர்களோ வேறு வழி பிடித்திருக்கிறார்கள். கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வல்லாரை வாங்கி, தண்டை ஆய்ந்து, இலையை நிழலில் ஒரு பழைய வேட்டியில் பரப்பி நான்கு நாள் காயவிட்டு, பொடித்து, கிளிசரினில் ஊறவைக்கிறார்கள். இரண்டு வாரத்தில் கிளிசரின் பழுத்த ஆலிவ் நிறத்துக்கு வருகிறது. அதில் ஒரு தேக்கரண்டி, தூளில் அரை கிராம், மறக்காமல் பிரிசர்வேட்டிவ். மீந்த பச்சை இலை அன்றைக்கே அம்மியிலோ மிக்ஸியிலோ புளி, மிளகாய், உளுத்தம்பருப்போடு துவையலாகிவிடுகிறது.